ரேச்சலின் அமெரிக்க வரியும் என் வாயும்

இன்றைக்கு டீ தொழிற்சாலைப் பக்கத்து ஒட்டுக்கடையில் டீ குடிக்க நல்ல கூட்டம். என் தம்பி மனைவி ரேச்சல் மூலை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் அமெரிக்காக்காரி. இங்கே மலேசியாவில் குடியிருந்தாலும் வருஷா வருஷம் அந்த நாட்டுக்கு வரிக் கணக்கு காட்ட வேண்டுமாம்.

என் வாய் சும்மா இருக்குமா?

"பாருங்க லா, கணக்கு காட்ட இன்னும் மாசக்கணக்குல நாள் கெடக்கு. அதுக்குள்ள இவளுக்கு நடுக்கம். அமெரிக்காவுல இருந்து கங்காணி லோரி ஏறி வந்துருவானாடி?"

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"பயமில்ல அண்ணி. ஏப்ரல்ல உங்களுக்கு முட்டி ஆப்பரேசன். ஈப்போ ஆஸ்பத்திரில நான்தானே கூட இருக்கணும்? அதான் இப்பவே முடிக்கிறேன்."



ஆஸ்பத்திரியில் கூட இருக்க யாரைக் கேட்பது என்று பல ராத்திரி நான் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லாரையும் நினைத்துப் பார்த்தேன். அவளை நினைக்கவே இல்லை. வெள்ளைக்காரிக்கு இதெல்லாம் ஒத்து வராது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

நுரை பொங்க ஆற்றிய பால் டீ, ஒரு தே தாரிக் வாங்கி அவள் பக்கம் நகர்த்தினேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிண்டல் பண்ண எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மன்னிப்பு கேட்கத்தான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள் லா, முதலில் என்ன சொல்லி ஆரம்பிப்பது?