மில் கம்ப்யூட்டர் அறையின் ரெஜினா அக்கா

பால் வாங்கப் போன இடத்தில்தான் கேட்டேன்: ரெஜினா அக்கா போய்விட்டாராம், மாரடைப்பாம். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அம்மனைக் கூப்பிட்டேன். அவருக்கு மாதா, எனக்கு வீராம்பட்டினத்து அம்மன். எங்களுக்குள் அதில் சண்டை வந்ததில்லை.

முதலியார்பேட்டையில் அவரை அறியாதவர்கள் குறைவு. மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை இயக்க வந்தவர். கூலிச் சீட்டில் தொழிலாளியின் பெயர் தமிழில் வர வேண்டும் என்று, கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து அதற்குள் ஏற்றினார். ‘ழ’ மட்டும் அவரை வெகுநாள் அலைக்கழித்தது. என் வீட்டு வரவு செலவுக் கணக்கைப் பார்த்து, “நீயும் ஒரு கம்ப்யூட்டர்தாண்டி, கரண்டு இல்லாம ஓடுற” என்று சிரிப்பார்.

அந்தத் தமிழ் எழுத்தில் நிர்வாகம் முதலில் அச்சடித்தது கூலிச் சீட்டை அல்ல, வேலைநீக்கப் பட்டியலை. என் தம்பி தங்கராசு பெயரும் அதில் இருந்தது. மிஷின்தான் ஆளைப் பொறுக்குகிறது என்று மில் முழுக்கப் பேச்சு.

பட்டியல் ஒட்டிய அன்று மில்லுக்குத் தம்பிக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். இரும்புத் தடியோடு ஓடியவர்களில் அவனும் ஒருவன். தடுக்கப் பின்னாலேயே ஓடினேன். கம்ப்யூட்டர் அறை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். தூசி ஆகாதென்று அக்கா போட்ட சட்டம். உடைக்க வந்தவர்களுக்கும் அது பழகிப்போயிருந்தது.

அக்கா மிஷினை மறைத்து நின்றார்.

“நகரு மதாம்! எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்ட மிஷினு!”

“பேரப் பொறுக்கினது ஆபீசுடா! இது குடுத்தத அடிக்கும், அவ்ளோதான்!”

தங்கராசின் தடி இறங்கியது. அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்து திரை நொறுங்கியது. வெறுங்கால்கள் கண்ணாடிச் சில்லுமேல் ஏற, தரையெல்லாம் ரத்தம். சுவரோடு சரிந்த அக்கா, “கண்ணாடிடா, பாத்து மிதிங்கடா பாவிங்களா!” என்று கத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போலீசோடு மேனேஜரும் வந்தார். கொல்லப் பார்த்தார்கள், மாறி மாறி அடித்தார்கள் என்று சொல்லச் சொன்னார். என் அம்மாவோ அக்காவின் காலில் விழுந்தாள்: “யாருன்னு தெரியலன்னு சொல்லிடும்மா.”

அக்கா போலீசிடம் சொன்னது இவ்வளவுதான்: “அடிச்சது தங்கராசு. ஒரு அடி, கையில. கொல்ல வரல. மிஷின ஒடைக்க வந்தான்.”

மேனேஜர் கோபத்தில் அக்காவின் வேலை போயிற்று. மகனைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அம்மா அக்கா வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். தம்பி சிறையிலிருந்து வந்த அன்றும் தெருவில் இறங்கி ஏசினாள். அவன் அவள் வாயைப் பொத்தினான்.

“நிறுத்தும்மா. அடிச்சது நான்தான். அவங்க ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தா நான் இன்னும் உள்ளதான் கெடப்பேன்.”

அவனை மன்னித்துவிட்டீர்களா என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். “அத மாதாகிட்ட சொல்லிக்கறேன். உங்கிட்ட எதுக்குடி?” என்றார்.

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் நாக்கு. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். நேற்று கல்லறையில் தங்கராசு மண் போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். யார் அது, சொந்தமா என்று ஓர் அம்மாள் கேட்டார்.

“அவங்க கைய ஒடச்சவன். என் தம்பி” என்றேன்.