புள்ளி என்றால் சைபர்

ஏறாவூரில் கலியாணம் பேசி முடிந்த கையோடு உம்மாமார் இரண்டு பேரைத் தேடுவார்கள். ஒருவர் சமையற்காரர். மற்றவர் ஸாதியா. பொண்டுகள் கூடியிருக்கும் பக்கத்தை வீடியோ எடுப்பது அவள்தான். அந்தப் பக்கம் ஆம்பிளை ஒருவன் கமராவோடு நுழைந்தால் கமராவும் மிஞ்சாது ஆளும் மிஞ்சாது என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

எடுப்பதோடு வேலை முடிவதில்லை. எடுத்ததை வெட்டி ஒட்டுகிறவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றார்கள். ஸாதியா எடிட்டிங் பழகினாள். வெட்டி ஒட்டி முடியும்வரை படங்கள் ஒரு பெட்டிக்குள் கிடக்க வேண்டும். பெட்டி பழுதானால் திருத்த வருகிறவன் ஆம்பிளை. அவன் உள்ளே திறந்து பார்க்க மாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு? ஆகவே பெட்டியைப் பார்த்துக்கொள்ளவும் அவளே பழகினாள். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்த, மூன்று பிள்ளைகளின் உம்மா ஒருத்தி சேமிப்புப் பெட்டியின் நிர்வாகியான கதை இவ்வளவுதான். ஆசைப்பட்டுப் போன வழியல்ல. ஊர் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வர, திறந்திருந்த கதவால் நடந்து போனாள்.

ஸ்டூடியோ அவளுடைய மூத்த சகோதரர் பாஹிம் காக்காவுடையது. பிரதான வீதியில், பாமசி ஒன்றுக்கு மேல்மாடியில் இருக்கிறது. பாஹிம் தோஹாவில் கண்காணிப்புக் கமரா பூட்டும் கம்பனியொன்றில் வேலை செய்தவர். கம்பனி மூடியபோது சாமானோடு சாமானாக அந்தப் பெட்டியும் கப்பலேறி வந்தது. முன்பக்கம் வரிசையாக, இழுத்துத் திறக்கிற ஆறு சின்ன லாச்சிகள். லாச்சிக்கு ஒரு ஹாட் டிஸ்க். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அந்தக் கம்பனிக்காரர் யாரோ வெள்ளைப் பேனையால் சைபரிலிருந்து ஐந்து வரை இலக்கம் எழுதியிருந்தார். லாச்சிகளின் சின்ன விளக்குகள் தோஹாவிலேயே செத்துவிட்டன; முழுப் பெட்டிக்கும் பொதுவான விளக்கு ஒன்றுதான் மிச்சம்.

ஆறு டிஸ்க்கையும் ரெயிட் ஐந்து என்ற முறையில் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். எழுதுவதெல்லாம் துண்டு துண்டாக ஆறிலும் பரவும். கூடவே ஒரு சரிக்கணக்கும் பரவும். ஒரு டிஸ்க் செத்தால் மிச்சம் ஐந்தும் அந்தக் கணக்கைக் கொண்டு செத்ததில் இருந்ததைச் சொல்லிவிடும். இரண்டு போனால் ஒன்றும் சொல்லாது.

ஸாதியா காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பொது விளக்கைத்தான். பச்சையென்றால் தேத்தண்ணீர். ஒவ்வொரு கலியாணத்துக்கும் தனியிடம் பிரித்து, மணப்பெண்ணின் பெயரை அதற்கு வைப்பாள். வேலை முடிந்து வீட்டாரிடம் ஒப்படைத்ததும் அந்த இடத்தை அழித்து அடுத்தவளுக்குக் கொடுப்பாள். அடுத்த அறையில் ஆம்பிளைப் பக்கத்தை எடிட் பண்ணும் வினோஜன், நாவற்குடாப் பொடியன், இடம் கேட்டு அடிக்கடி அவளுடைய வாசலில் வந்து நிற்பான்.

“அக்கா, உங்கட பெட்டியில கொஞ்சம் இடம் தாங்களன். ட்ரோன் படம் ரெண்டு வெக்க.”

“பொண்டுகள்ற பக்கத்துல ட்ரோனுக்கு என்னடா வேல?”

பாஹிமுக்கு வேறு யோசனை. “கிளவுட்ல ஒரு கொப்பி போட்டு வையன் புள்ள” என்பார்.

“கிளவுட் எண்டா யார்ர வீடு காக்கா? அங்க ஆர் இரிக்காங்க?”

பாஹிம் கீழே இறங்கிப் போய்விடுவார். 

ஸுஹைனாவின் கலியாணம் வந்தது. அவளுடைய உம்மா ஸகியா கொஞ்சம் கண்டிப்பான மனுசி. பொண்டுகள் நுழையும் வாசலில் பனையோலைக் கடகம் ஒன்றை வைத்து, வந்தவர்களின் கைபேசிகளை எல்லாம் அதற்குள் போடச் சொன்னார். மாப்பிள்ளையின் உம்மாவும் போட்டார். ஆகவே அன்றைக்கு அந்த மண்டபத்துக்குள் பெண்கள் குரவை போட்டதும், ஸுஹைனா சிரித்ததும் அழுததும் ஸாதியாவின் கமராவில் மட்டும்தான் இருந்தன.

“ஒண்டுதான் இரிக்கணும் புள்ள. உங்கட பெட்டியில மட்டும். வேற எங்கயும் கொப்பி வெக்கக்கூடா” என்றார் ஸகியா.

“ஓம் மாமி.”

படங்களைப் பெட்டிக்கு மாற்றினாள். அடுத்த கலியாணம் ஓட்டமாவடியில் இருந்ததால் கமரா அட்டைகளை அழித்துத் துப்புரவாக்கிக்கொண்டாள்.

ஓட்டமாவடி மண்டபத்தில் பெண்ணைக் கூட்டிவரக் காத்திருந்த நேரம் அவளுடைய கைபேசிக்குப் பெட்டியே ஒரு செய்தி அனுப்பியது. சைபர் இலக்க டிஸ்க் செயலிழந்தது. பின்னாலேயே வினோஜனின் அழைப்பு.

“அக்கா, பெட்டி கத்துது.”

“எப்பிடிக் கத்துது?”

“பல்லி மாதிரி, விட்டு விட்டு. கீழ பாமசிக்காரர் ரெண்டு தரம் ஏறி வந்திட்டார். ஆருக்கோ பிரஷர் பாக்கிறாராம், இந்தச் சத்தத்தில எல்லாருக்கும் கூடுதாம்.”

ஸாதியா பதறவில்லை. ஒன்று போனால் பரவாயில்லை என்பதற்காகத்தானே அந்தக் கட்டுமானம். மாற்று டிஸ்க்கும் தயாராக இருந்தது.

“காக்காட்டச் சாவிய வாங்கு. சைபர் போட்ட லாச்சிய இழுத்தெடுத்துட்டு, அலுமாரியில இரிக்கிற புது டிஸ்க்கப் போடு. நிப்பாட்டத் தேவல்ல, ஓட ஓட மாத்தலாம்.”

“சைபர்தானே அக்கா?”

“ஓம், சைபர்.”

“கண்டன் கண்டன். வட்டமா வடிவா எழுதிக் கிடக்கு.”

அந்த ‘வட்டமா’ அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் வாசலில் குரவை கிளம்பிவிட்டது, பெண் வருகிறாள். கைபேசியைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கமராவைத் தூக்கினாள்.

“அக்கா, இப்ப நீட்டுக்குக் கத்துது.”

“புதுசப் போட்டியா?”

“இல்ல, இழுத்த உடன.”

“போடாத. ஒண்டையும் தொடாத. பெட்டியப் படமெடுத்து அனுப்பு.”

படம் வந்தது. இடதுபக்கத்து முதல் லாச்சி அசையாமல் அப்படியே இருந்தது. வலதுபக்கக் கடைசி லாச்சியின் இடத்தில் ஓட்டை.

“வினோ, இடப்பக்கம் முதல் லாச்சியில என்ன எழுதியிரிக்கி?”

“ஒண்டுமில்லக்கா. பேனை பட்ட புள்ளி ஒண்டு கிடக்கு.”

“அந்தப் புள்ளிதான்டா சைபர்.”

“அப்ப நான் இழுத்தது?”

“அஞ்சு.”

“அஞ்சு ஏனக்கா சைபர் மாதிரிக் கிடக்கு?”

“அத எழுதினவனட்டத்தான் கேக்கணும்.”

தோஹாக்காரன் எழுதியது அரபு இலக்கம். அதில் ஐந்து ஒரு வட்டம். சைபர் வெறும் புள்ளி. சின்ன வயதில் ஓதப்பள்ளியில், குர்ஆனின் பக்கங்களில் பார்த்துப் பழகிய இலக்கங்கள் அவை. ஸாதியாவுக்கு அது இன்னொரு மொழியின் எழுத்து என்ற எண்ணமே வந்ததில்லை. தன் வீட்டு இலக்கத்தை வாசிப்பதுபோல வாசித்துவந்தாள். அந்த அறைக்குள் வேறு யாரும் வந்ததில்லை. ஆகவே வாசிக்கத் தெரியாத ஆளும் வந்ததில்லை.

ஓட்டமாவடிக் கலியாணத்தை முழுவதும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டாள். பஸ்ஸில் வரும்போது கமராப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஸ்டூடியோவில் பாஹிம் ஏற்கெனவே கொழும்புக்குப் பேசி முடித்திருந்தார். “செத்த டிஸ்க்குல இருந்து படம் எடுக்கிற பொடியன் ஒருத்தன் இரிக்கான். நாளைக்கே அனுப்பலாம்.”

“பொடியனா?”

“பொடியன்தான். மறுகா என்ன, சொல்லாம அனுப்பு. ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே காக்கா.”

வினோஜன் கதவோரம் நின்றான். “நான் வந்து ஸுஹைனா வீட்டாருக்குச் சொல்லட்டா அக்கா? இழுத்தது நான்தானே.”

“நான் சொன்னத்தான் நீ செஞ்சாய். ஒருத்தரும் தொடக்கூடா எண்டு வெச்சவளும் நான், விளங்குற மாதிரி எழுதி வெக்காதவளும் நான். நீ இலக்கத்த மாத்தி ஒட்டு, அது காணும்.”

அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. இழுத்த ஐந்தாம் இலக்க டிஸ்க் சாகவில்லை. அதைத் திரும்ப வைத்து, பழைய ஆள்தான் என்று பெட்டியை நம்பவைத்தால் எழும்பலாம். ஆனால் ஒரு பொத்தானைப் பிழையாக அழுத்தினாலும் பெட்டி அதைப் புதிய டிஸ்க் என்று எண்ணித் துடைத்துவிடும். பிறகு கொழும்புப் பொடியனாலும் முடியாது. அப்படிப்பட்ட பொத்தானை ஸகியாவிடம் கேட்காமல் அழுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

ஸகியாவின் வீட்டில் கலியாணப் பந்தல் கழற்றியாகிவிட்டது. புதுமாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தான். ஸகியா கதிரை போட்டார், தேத்தண்ணீர் வைக்கச் சொன்னார். ஸாதியா தேத்தண்ணீர் வரும்வரை காத்திருக்கவில்லை, சொல்லிவிட்டாள்.

“ஆறு டிஸ்க்குல இரிக்கி எண்டு சொன்னீங்களே?” என்றார் ஸகியா.

“ஓம் மாமி. ஒரு சஹன் தட்டுல ஆறு பேர் சுத்தி இரிந்து தின்னுற மாதிரி. ஒராள் எழும்பினா மத்த அஞ்சு பேரும் சமாளிப்பாங்க.”

“ரெண்டு பேர் எழும்பினா?”

“சஹனத் தூக்கிருவாங்க.”

“நல்ல விருந்து புள்ள” என்றார் ஸகியா. சிரிக்கவில்லை. “மறுகா என்ன செய்யப்போறீங்க?”

ஸாதியா தன் வழியைச் சொன்னாள். அது சரிவராவிட்டால் என்ன ஆகும் என்பதையும், தொடாமல் கொழும்புக்கு அனுப்பினால் படங்கள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்கவில்லை.

“அங்க பாக்கிறது ஆம்பிளையா?”

“ஓம் மாமி.”

“அப்ப வேணாம். போனாப் போகட்டும். கடகத்துல போன் போட வெச்சவள் நான். அவ்வளவு பொண்டுகளும் என்னை நம்பித்தானே முக்காட்ட எடுத்தாங்க.”

உள் அறைத் திரை அசைந்தது. ஸுஹைனா வந்து நின்றாள். கைகளில் மருதோன்றி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

“உம்மா, போனாப் போகட்டும் எண்டு நீங்க சொல்லுறது என்ட கலியாணத்த.”

“ஓம் மகள், ஆனா அதுக்குள்ள இரிக்கிறது நீ மட்டுமில்ல.”

உம்மா சொன்னதும் நியாயம்தான். ஸுஹைனா ஸாதியாவின் பக்கம் திரும்பினாள். “ராத்தா, உங்களால ஏலுமா?”

“ஏலும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். பாக்கலாம்.”

“அப்ப நீங்களே பாருங்க. கொழும்பு வேணாம். ஆனா நான் வந்து பக்கத்துல இரிப்பன்.”

மறுநாள் காலை ஸுஹைனா வந்தாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் ஸகியாவும் வந்தார். வினோஜன் மரியாதையாக வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். பெட்டியின் நெற்றியில் அவன் ஒட்டிய புதிய இலக்கங்கள் மோட்டார்சைக்கிள் நம்பர் போலப் பெரிதாக இருந்தன.

ஸாதியா ஐந்தாம் இலக்க டிஸ்க்கை அதன் இடத்தில் தள்ளினாள். பெட்டி உறுமியது. திரையில் ஒரு கேள்வி வந்தது: புதிய டிஸ்க் ஒன்று கண்டேன், துடைத்துச் சேர்க்கட்டுமா?

“ஓம் எண்டு குடுங்களன்” என்றார் ஸகியா.

“குடுத்தா முடிஞ்சிது மாமி.”

வேண்டாம் என்று கொடுத்தாள். பிறகு கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தாள். இந்த ஐந்தும் பழைய ஆட்கள், சைபர் இல்லாமலே சேர்ந்து எழும்புங்கள், ஆனால் எதையும் எழுதாதீர்கள், வாசிக்க மட்டும் விடுங்கள் என்று அதற்குரிய பாஷையில் எழுதினாள். எழுதியதைத் திரும்ப வாசித்தாள். விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டு இன்னொருமுறை வாசித்தாள். அழுத்தினாள்.

பொது விளக்கு அணைந்தது. ஸுஹைனா ஸாதியாவின் தோளைப் பிடித்தாள். விளக்குத் திரும்ப வந்தது, பச்சையல்ல, செம்மஞ்சள். ஒன்று குறைவு, ஆனால் உயிரோடு.

கோப்புகளின் வரிசையில் ஸுஹைனா என்ற பெயர் இருந்தது.

“ஹம்துலில்லாஹ்” என்றார் ஸகியா. “இப்ப அந்தப் புது டிஸ்க்கப் போட்டுச் சரிபண்ணுங்க.”

வேண்டாம் என்று ஸாதியா தலையசைத்தாள். புதிதைப் போட்டால் மற்ற ஐந்தும் முழு மூச்சாக உழைத்து அதை நிரப்ப வேண்டும். எல்லாம் கிழட்டு டிஸ்க். அந்த உழைப்பில் இன்னொன்று விழுந்தால் சஹனைத் தூக்கிவிடுவார்கள். முதலில் படத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்; பழுதுபார்ப்பது பிறகு.

“மாமி, கொப்பி ஒண்டு எடுக்கணும். ஒண்டுதான் இரிக்கணும் எண்டு சொன்னீங்க. அந்தச் சொல்ல நீங்கதான் எடுக்கணும்.”

ஸகியா செம்மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “எடுங்க” என்றார்.

படியில் இருந்தவனைக் கூப்பிட்டு வெறும் டிஸ்க் ஒன்று கேட்டாள்.

“ட்ரோன் படத்துக்கு வாங்கி வெச்சதக்கா.”

“தா.”

தந்தான். படங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. நடுவில் ஒரு கோப்பு அசையாமல் நின்றது. ஸுஹைனா நகம் கடித்தாள். அதுவும் அசைந்து போனது. எல்லாம் முடிந்ததும், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஸாதியா ஒன்றைத் திறந்தாள். திரையில் ஸகியா. முக்காடு தோளில் கிடக்க, வாயைக் கையால் மறைக்கவும் மறந்து, மண்டபம் அதிரக் குரவை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அல்லாஹ்வே, இது நானா? இத முதல்ல அழிங்க புள்ள!”

“அழிக்காதீங்க ராத்தா” என்றாள் ஸுஹைனா. “உம்மா இப்பிடிச் சிரிச்சத நான் கண்டதே இல்ல. அண்டைக்குத் தலையக் குனிஞ்சிட்டுத்தானே இருந்தன்.”

ஸகியா மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

ஸாதியா டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றினாள். உம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். இதுவரை எடுத்த எல்லாக் கலியாணங்களையும் அவள் உம்மாமாரிடம்தான் ஒப்படைத்திருக்கிறாள். கேட்டதும் அவர்கள்தான், பேசியதும் அவர்கள்தான்.

டிஸ்க்கை ஸுஹைனாவின் மருதோன்றிக் கையில் வைத்தாள்.

“விழுத்திராத மகள்” என்றார் ஸகியா.