கந்தகம் விலக்கிய கோடை

நான் சுவிஸின் துன் நகரத்தில் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், எங்கள் வீட்டிலிருந்து கந்தகம் வெளியேற்றப்பட்டது. முதலில் போனது நெருப்புப்பெட்டி. அம்மா சுவாமி விளக்கை லைற்றரால் ஏற்றத் தொடங்கினார். அடுத்து, பையில் கந்தகம் சேர்த்ததாக எழுதியிருந்த உலர்ந்த அப்ரிகோட் பழம். பிறகு முட்டை. வெங்காயத்திலும் கந்தகம் உண்டென்று அப்பாவுக்குத் தெரியும். வெங்காயம் இல்லாத கறி அவருக்கு இறங்காது என்பதால் அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

காரணம் நான்தான். சிறுநீர் எரிவுக்கு டொக்டர் தந்த குளிசையை ஒரு வாரம் விழுங்கிய பிறகு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, உதடு வீங்கியது. டொக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அது சல்பா வகை மருந்து, இனி ஒருபோதும் எனக்குத் தரக்கூடாது என்றார். இன்றும் எந்த வைத்தியரிடம் போனாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஊரில் விஞ்ஞானம் படித்துவிட்டு இங்கே ஹோட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, படிப்பைக் காட்ட ஒரு வாய்ப்பு வந்தது.

"சல்பா எண்டால் சல்பர். சல்பர் எண்டால் கந்தகம். இதிலை என்ன சந்தேகம்?"

அம்மா சந்தேகப்படவில்லை. சல்பா என்ற பெயரைக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவருடைய தம்பியின் படம் இருந்தது. ஊரில் காய்ச்சலில் கிடந்த மாமாவுக்கு அம்மாதான் மருந்து கொடுத்துப் பார்த்தவர், ஆனாலும் தப்பவில்லை என்று அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

என் கவலை வேறு. சுவிஸ் தேசிய தினமான ஓகஸ்ட் முதலாம் திகதி ஏரிக்கரையில் கொளுத்துவதற்கென்று வாங்கிய கூம்பு வாணம் நிலவறையில் பூட்டப்பட்டிருந்தது.

"புகை பட்டாலே போதும். யன்னலுக்குள்ளாலை பார் பிள்ளை," என்றார் அம்மா.

ஓகஸ்ட் முதலாம் திகதிக்கு முதல் நாள் அம்மாவும் நானும் டொக்டரிடம் மீண்டும் போனோம். வழக்கம்போல் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மா வாய் திறக்கும் முன்னரே, வாணம் கொளுத்தலாமா என்று கேட்டுவிட்டேன். டொக்டர் சிரித்தார். கந்தகமும் சல்பாவும் வேறு வேறு, சல்பாவுக்குள் கந்தகம் இருந்தாலும் ஒவ்வாமை கந்தகத்தால் வருவதில்லை என்றார். சாயங்களை ஆராயும்போது கண்டுபிடித்த மருந்துகளாம். பெனிசிலின் கைக்கு வருவதற்கு முன்னரே பிரசவக் காய்ச்சலிலிருந்து தாய்மாரைக் காப்பாற்றினவாம். போர்க்களத்தில் காயங்களில் தூளாகத் தூவுவார்களாம். அவை கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கும், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். பல கிருமிகள் பழகிவிட்டதால் இப்போது பாவனை குறைவு. ஆனாலும் சிறுநீர்த் தொற்றுக்கும் தீப்புண்ணுக்கும் இன்னும் உண்டு.

நான் எல்லாவற்றையும் சுருக்கினேன். "வாணம் கொளுத்தலாமாம்."

"பொறு. இன்னொண்டு கேள். முதல் தரம் குடுக்கேக்கை, இது ஒத்துக்கொள்ளாது எண்டு குடுக்கிற ஆளுக்குத் தெரிய வருமோ?"

"எனக்குத்தான் இப்ப தெரிஞ்சுபோச்சே, அம்மா."

"கேள் எண்டு சொன்னனான்!"

கேட்டேன். டொக்டர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து மெதுவாகப் பதில் சொன்னார்.

"முதல் தரம் ஒருத்தருக்கும் தெரியாதாம். டொக்டருக்கே தெரியாதாம்."

"அப்ப குடுத்த ஆளிலை பிழை இல்லையாமோ?"

"இல்லையாம்."

அம்மா கைப்பையின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு எழுந்து, போகும் வழியில் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினார்.

மறுநாள் மாலை ஏரிக்கரையில் அவரே குச்சியை உரசி என் கையில் தந்தார். "தள்ளி நிண்டு கொளுத்து." வாணம் சீறி எழுந்தது. என் மொழிபெயர்ப்பு அப்பாவின் விஞ்ஞானத்தை வென்றுவிட்டது என்ற பெருமையோடு திரும்பினேன். அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கந்தகம் அவருக்குத்தான் ஆகவில்லை என்று நினைத்து, கையைப் பிடித்துக் காற்று வரும் பக்கமாக அவரை நகர்த்தினேன்.