கம்பெனிச் சட்டை போட்ட பிச்சைக்காரன்

ஹெச்.ஆர். வேலைன்னா வேற ஒண்ணுமில்ல, ஒரு நாட்டுல ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொரு நாட்டுல ஒருத்தன் பதறுவான், மூணாவது நாட்டுல இருந்து ஃபாரம் வரும், அதை நாம உக்காந்து நிரப்பணும். எம்.பி.ஏ. பிராஜெக்டுன்னு எங்கயாவது போயி மாட்டிக்கிட்டு முழிக்குத மக்களே, இது உங்களுக்குத்தான். நான் மாட்டுனது வண்ணார்பேட்டையில, காத்துல கரண்டு எடுக்குத ஒரு காத்தாடிக் கம்பெனி ஆபீஸ்ல. காத்தாடி சுத்துதது கயத்தாறுல, முதலாளிமாரு இருக்கது டென்மார்க்குல, ஃபாரம் பாக்குத ஆளுக மணிலாவுல.

தலையாட்டும் இந்தியர்கள்

மொத நாளே ஒரு வீடியோ போட்டுக் காட்டுனாவ. பல நாட்டு ஆளுகளை எப்படி வேலை வாங்குததுன்னு பாடம். இந்தியர்கள் மேலதிகாரிய எதுத்துப் பேச மாட்டாவளாம், எதைச் சொன்னாலும் சரின்னு தலையாட்டுவாவளாம். எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. எங்க தெருவுல தண்ணி வராத அன்னைக்கு வந்து இந்த வீடியோவ எடுத்திருக்கணும், தலை எந்தப் பக்கம் ஆடுதுன்னு தெரிஞ்சிருக்கும். முடிவுல கருத்து எழுத ஒரு பெட்டி இருந்துச்சு. அதையே எழுதப் போனேன்.

எங்க ஹெச்.ஆர். மேனேஜர் பிரிட்டோ சார். மணப்பாட்டுக்காரரு, குரலை உசத்தாத மனுசன். என் கையில இருந்து மவுஸைப் பைய வாங்கிக்கிட்டுச் சொன்னாரு: "ஏளா, இப்பதைக்குத் தலையாட்டிட்டுப் போ. அதத்தான அவ்வோ எதிர்பாக்காவ."

டென்மார்க்குக்குப் போன போட்டோ

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துக்கிட்டவங்க வேஷம் போடுவாவ. காளி, குரங்கு, போலீசு, பிச்சைக்காரன், எது நேர்ந்தாவளோ அது. வேஷத்தோட ஊர் ஊராப் போயி காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்தணும். இங்கன இது சாதாரணம், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாவ. எங்க கம்பெனி டெக்னீசியன் சுடலைமுத்து அண்ணன் பிச்சைக்காரன் வேஷம் போட்டு ஏரல் பஜார்ல திருவோட்டோட நின்னிருக்காரு. தப்பு எங்கன வந்துச்சுன்னா, போட்டிருந்தது கிழிஞ்ச கம்பெனிச் சட்டை. நெஞ்சுல கம்பெனிப் பேரு பளிச்சுன்னு தெரியுது. யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து நெட்டுல போட்டுட்டான்.

அது டென்மார்க்குல ஹெச்.ஆர். தலைவரா இருக்க ஹென்ரிக் கண்ணுல பட்டுச்சு. அண்ணன் பத்து வருசம் காண்ட்ராக்டுல காத்தாடி ஏறி, இப்பதான் நிரந்தரம் ஆயிருந்தாரு. ஆறு மாசச் சோதனைக்காலம் இன்னும் முடியல. கம்பெனி பேரைக் கெடுத்ததுக்கு அந்த நிரந்தரத்தை ரத்து பண்ணலாமான்னு விசாரணை வச்சுட்டாவ. மெயில்ல மொத வரி மட்டும்தான் அக்கறையா இருந்துச்சு: "அவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா?"

நாலுல ஒண்ணு

மணிலாவுல இருந்து டெஸ்ஸின்னு ஒரு அக்கா ஃபாரம் அனுப்புனாவ. 'ஊழியர் இவ்வாறு நடந்துகொண்ட காரணம்'னு போட்டு நாலு கட்டம்: குடிபோதை, மோசடி, மனநலக் குறைவு, பணப் பிரச்சினை. அஞ்சாவது கிடையாது. நான் உடனே கூப்பிட்டு எகிறிட்டேன். பைத்தியத்துக்கு ஒரு கட்டம் வச்சிருக்கீங்க, குடிக்கு ஒரு கட்டம் வச்சிருக்கீங்க, சாமிக்கு நேர்ந்தவன் எந்தக் கட்டத்துல போயி உக்காருவான்னு கேட்டேன்.

சரி, நம்ம பிராஜெக்டு இன்னைக்கோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பொறவு அவ்வோ சொன்னாவ: "எங்க அப்பா வருசா வருசம் வெறுங்காலோட சாமி ஊர்வலத்துல போயி, கால் நகம் பேந்து வீட்டுக்கு வருவாரு. கட்டத்தை விட்டுரு. கீழ கொஞ்சம் காலி இடம் இருக்கு பாரு, அதுல எழுது, நான் திருப்பி அனுப்ப மாட்டேன்."

ஒரு ஸாரி

விசாரணைக் கூட்டத்துக்கு முந்தின நாள் அண்ணனை ஆபீசுக்கு வரச் சொல்லி பிரிட்டோ சார் பாடம் நடத்துனாரு. "ஒரே ஒரு ஸாரி சொல்லிரும்வே. எச்சரிக்கைக் கடிதத்தோட போயிரும், வேலை தப்பிச்சுக்கும்."

"எதுக்கு சார் ஸாரி?"

"வேஷம் போட்டதுக்கு."

"அது கம்பெனிக்குப் போட்டது இல்லியே சார்."

எனக்குப் பொறுக்கல. நாளைக்கு வேலை போவப்போவுது, இந்த ஆளு எதிர்க்கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காரு. ஊர்ல வேற கந்தலே கெடைக்கலியா அண்ணே, அந்தச் சட்டைதான் கெடைச்சுதான்னு கத்திட்டேன். அவரு என்னைய நிதானமாப் பாத்தாரு. "பத்து வருசம் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் என்னைய நிரந்தரம் பண்ணுங்கன்னு இந்த வாசல்ல வந்து வந்து நின்னேன். நிரந்தரமானா இதே சட்டையோட ஏழு ஊர்ல கையேந்துதேன்னு அம்மன்கிட்ட நேர்ந்தேன். ஆயிட்டு, ஏந்துனேன்."

மூணு நாட்டுக்கு ஒரே கூட்டம்

எங்களுக்கு மத்தியானச் சோறு முடிஞ்ச நேரம், ஹென்ரிக்குக்குக் காலைக் காப்பி நேரம், டெஸ்ஸிக்கு வீட்டுக்குக் கெளம்புத நேரம். அண்ணன் பேசுததை நான் இங்கிலீஷ்ல சொல்லணும், அதுக்கு மேல வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஹென்ரிக் கேட்டாரு, நடந்ததுக்கு வருத்தப்படுதாரான்னு. அண்ணன் சொன்னாரு, "சட்டைய வேணும்னா தொவச்சுக் குடுத்துருதேன். நேர்ச்சைக்கு வருத்தப்பட முடியாது." மேசைக்கு அடியில பிரிட்டோ சார் என் கால மிதிச்சாரு. பதமா மாத்திச் சொல்லுன்னு அர்த்தம். நான் ஒரு சொல்லைக்கூட மாத்தல. காண்ட்ராக்டு, வாசல், ஏழு ஊரு எல்லாத்தையும் சேத்தே சொன்னேன்.

ஹென்ரிக் மூஞ்சி மாறல. "பிரிட்டோ, இது எச்சரிக்கை அளவுக்காவது தப்புதான், ஒத்துக்கிடுதீங்கள்ல?" வழக்கம்போல ஆட்டப் போறாருன்னு நான் அவரு தலையவே பாத்துக்கிட்டிருந்தேன். சார் கண்ணாடியக் கழட்டி வச்சாரு. "இல்ல. எங்க வீட்டுலயும் மாதாவுக்கு நேர்ச்சை உண்டு. இவருக்குக் கடிதம் அடிச்சா எனக்கும் சேத்து அடிங்க." திரையில டெஸ்ஸி அக்கா கட்டைவிரல் ஒசந்துச்சு.

ஹென்ரிக் காப்பிய ஒதுக்கி வச்சுட்டுக் கேட்டாரு, "அப்படியென்றால் எங்கள் வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்லத்தான் பிச்சை எடுத்தாரா?" அண்ணன்கிட்ட தமிழ்ல சொன்னேன். அவரு மொத தடவையாச் சிரிச்சாரு: "ஆமான்னு சொல்லு தாயி. அவருக்கும் சேத்துத்தான் ஒரு தேங்கா ஒடச்சேன்னும் சொல்லு."

சான்றிதழ்

நிரந்தரம் நிலைச்சுது, கடிதமும் வரல. அண்ணன் மறுநாளே காத்தாடி ஏறிட்டாரு. எனக்குத் தந்த சான்றிதழ்ல 'நடத்தை'க்கு நேரா 'எதிர்த்துப் பேசுவார்'னு இருந்துச்சு. காலேஜுல இதை எப்படிக் காட்டன்னு பிரிட்டோ சார்கிட்ட சண்டைக்குப் போனேன். அவரு தலைய நிமுத்தாமலே சொன்னாரு: "பாத்தியா, இப்பவும் அதத்தான செய்யுத."

போன வாரம் கம்பெனிக்குக் கிளை இருக்க அத்தனை நாட்டுக்கும் டென்மார்க்குல இருந்து புது விதி போயிருக்கு, பிச்சை எடுக்கும்போது ஊழியர்கள் கம்பெனிச் சட்டை அணியக் கூடாதுன்னு, அது எதுக்குன்னு தெரியாம அத்தனை நாட்டு ஆளுகளும் முழிக்காவ, காரணமான ஆளு கயத்தாறுல காத்தாடி உச்சியில இருக்காரு.