மொறிஸ் இளைப்பாறுகிறார்

நாவற்குடாவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் மொறிஸ், ஆறேழு மாதம் கராஜில் முதுகை வளைத்தாரென்றால் அடுத்த இரண்டு மாதம் அதைப் பூட்டிவிட்டுத் தூண்டிலோடு வாவிக்கரையில் குந்திவிடுவார். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இதே கதைதான்.

"அறுபதில எடுக்கிற ஓய்வ நான் இப்பவே துண்டுதுண்டா எடுக்கன். அறுபதில முழங்கால் வரமாட்டன் எண்டா என்ன செய்யிற?" என்பார்.

போன தடவை வேலையோடு வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஊரில் இல்லையென்று பொய் சொல்லிக் களைத்துப்போன மனைவி பியட்றிஸ், இந்த முறை ஒரு நிபந்தனை போட்டாள்.

"இஞ்ச மொறிஸ், வேலையெண்டு ஒரு ஆள் உங்களத் தேடி இந்தப் படலையத் திறந்தாலும் லீவு முடிஞ்சிது. அடுத்த நாளே கராஜத் திறக்கோணும்."

"ஓம் கா. ஒரு ஈயும் வராது."

ஈ வராமலிருக்க மொறிஸ் கண்ட வழி ஒரு அறிவிப்புப் பலகை. அதை எழுதக் கொடுத்தது தோமஸிடம். தோமஸ் கல்லறைச் சிலுவைகளில் 'இன்னார் இங்கே இளைப்பாறுகிறார்' என்று எழுதுகிறவர். 'மொறிஸ் இளைப்பாறுகிறார்' என்று கறுப்பு மையால் அழகாக எழுதி, கைப்பழக்கத்தில் மேலே ஒரு சிலுவையும் போட்டு, கராஜ் கதவில் தொங்கவிட்டுப் போனார். மொறிஸ் அதற்குள் வாவிக்குப் போய்விட்டார்.

பின்னேரம் இரண்டு மீனோடு திரும்பினால், வாசலில் வாடகைக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் பியட்றிஸ் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஐயோ, அவர் மீன் பிடிக்கப் போயிரிக்கார்!"

"பாவம், இன்னும் நம்பமாட்டாளாம்" என்று சனம் கண்ணைத் துடைத்தது. தான் எழுதியது மறந்துபோய், தோமஸும் ஒரு புதுச் சிலுவையும் தூரிகையுமாக வந்து நின்றார். மாலையோடு வந்த ஒருவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மொறிஸின் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

"லீவு முடிஞ்சிது" என்றாள் பியட்றிஸ்.

"எப்பிடி? இவங்க செத்த வீட்டுக்கெல்லோ வந்த? வேலைக்கெண்டு ஆரும் வரல்லயே!"

அப்போது பின்வரிசையிலிருந்து, கராஜின் பழைய வாடிக்கைக்காரர் சரீப் மெல்ல எழுந்தார்.

"மௌத்தெண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தன். உயிரோட இரிக்கிறபடியாக் கேக்கன் மொறிஸண்ணன், என்ட மோட்டார் சைக்கிள் பிறேக் பிடிக்குதில்ல."

மொறிஸ் மாலையைக் கழற்றினார். கையிலிருந்த மீனைப் பார்த்தார். பியட்றிஸும் அந்த மீனைப் பார்த்தாள். நல்ல பெரிய மீன்கள்தான்.

தோமஸின் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு கராஜுக்கு நடந்தவள், பலகையின் கீழே ஒரு வரி சேர்த்தாள்:

'மூன்றாம் நாள் எழும்புவார்.'