நீந்துவதற்கு முன் செலுத்திய காணிக்கை

இந்தச் சங்கதி நேருவதற்கு முன்னர்ப் பாளையங்கோட்டையில் என் நிலை இன்னது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. நான் பி.ஏ. தேறியவன். ஹைஸ்கூல் தலைமையாசிரியன். சபைக் கமிட்டியில் என் அபிப்பிராயத்தைக் கேளாமல் ஒரு பெஞ்சுகூட இடம் மாறியதில்லை. நான் தெருவில் நடந்து வந்தால் சைக்கிளில் வருகிற வாலிபன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். ஐம்பத்துமூன்று வயது வரையில் என்னைப் பற்றி ஒருவர் வேடிக்கையாகப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன வாரம் கேள்விப்பட்டேன். அதுவும் நேரில்.

வாசகசாலையில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவர், இப்போது இராதாபுரம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, வந்து வணங்கினார். உத்தியோக உயர்வுக்கான டெஸ்ட் பரீட்சை எழுத வேண்டும் என்று அவர் ஜனவரி வருஷப் பிறப்புதோறும் தீர்மானம் செய்கிறாராம்.

"எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டுத்தான் சார் ஆரம்பிக்கேன். மாமனார் வீட்டுலகூடச் சொல்லியாச்சு. ஆனா மாசி பொறக்கதுக்குள்ள விட்டுப்போகுது. நெனைச்சது ஒண்ணும் முடிய மாட்டேங்கு. அது ஏன் சார்?"

நல்ல கேள்வி. மனவுறுதி என்பதைப் பற்றி நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். எதிர் நாற்காலியிலிருந்த வக்கீல் அருளப்பன் — எனக்குக் காலேஜ் நாள் முதல் சிநேகிதர் — இடையில் புகுந்து ஒன்று சொன்னார். வாசகசாலை முழுவதும் சிரித்தது.

அவர் சொன்னது என்ன என்பது இருக்கட்டும். குமாஸ்தாவின் கேள்விக்கு நான் அன்று சொல்ல இருந்த விடை தவறு. மனவுறுதி என்னிடம் வேண்டிய மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன சாதித்தேன்?

தாமிரபரணிக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவன் நான். நீந்தத் தெரியாது. "படிக்கிற பிள்ளைக்கு ஆறு எதற்கு?" என்பது என் தகப்பனாரின் தீர்ப்பு. அவருடைய தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அவர் என்னைக் கையில் பிடித்துக் கொக்கிரகுளத்துப் பாலத்தின் மேல் நடத்திக்கொண்டு போகும்போது, கீழே ஒரு மனிதர் மல்லாந்து மிதந்து வந்ததை ஒருமுறை கண்டேன். கண்களை மூடியிருந்தார். கைகளை அசைக்கவில்லை. ஆறு அவரைச் சுமந்துகொண்டு பாலத்தின் இந்தப் பக்கம் நுழைந்தது. நான் எதிர்ப்பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கு ஓடிப் பார்க்கப் போனேன் — தகப்பனார் இழுத்துக்கொண்டார். மிதந்து வந்தவர் மறுபக்கம் வெளிப்பட்டதை நான் பார்க்கவில்லை.

அன்று முதல், அந்த மனிதர் எனக்குள் ஒரு பாலத்தின் கீழேயே இருக்கிறார்.

அக்கரை போக வேண்டும் என்பதல்ல என் ஆசை. போட்டியில் ஜயிப்பதும் அல்ல. ஒரு தரம், ஒரே ஒரு தரம், முதுகைத் தண்ணீரிடம் ஒப்படைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். பட்டம் வாங்கினேன், உத்தியோகம் வந்தது, விவாகம் நடந்தது. ஆசை மட்டும் போகவில்லை. விடியற்காலையில் படித்துறைக்குப் போவேன். கடைசிப் படியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பேன். நடு ஆற்றில் தலைகள் போகும், வரும். பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அது எத்தனை பெரிய சந்தோஷம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஐம்பதாம் வயதில், வருஷப் பிறப்பன்று, இந்த வருஷம் நீந்தியே தீருவது என்று பொருத்தனை செய்துகொண்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் கைகூடினால் ஸ்தோத்திர காணிக்கை செலுத்துவோம். பிள்ளை பாஸானால், காய்ச்சல் தணிந்தால், வழக்கு ஜயித்தால் — உபதேசியார் பேரையும் காரணத்தையும் சபைக்கு முன் சொல்லுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்டதைக் கிடைத்துவிட்டதாகவே எண்ணி நன்றி சொல்லி ஜெபிப்பது. 'தருவீராக' என்பதற்குப் பதில் 'தந்தீரே' என்பது. எங்கள் வீட்டு ஜெபங்களில் பாதி இறந்தகாலத்தில்தான் நடக்கும்.

இவ்விரண்டு வழக்கங்களையும் தனித்தனியே வைத்திருந்தால் ஆபத்து இல்லை. நான் சேர்த்தேன்: நீந்துவதற்கு முன்பே ஸ்தோத்திர காணிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எதுக்காகன்னு சொல்லணும் ஐயா?" என்று உபதேசியார் கேட்டார்.

"தாமிரபரணியில் நீந்தக் கிருபை செய்ததற்காக."

அவர் கண்ணாடிக்கு மேல் ஒரு பார்வை பார்த்தார். தலைமையாசிரியரை மேற்கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர். அப்படியே சொல்லிவிட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் கூட்டம் காத்திருந்தது.

"என்னவே ஹெட்மாஸ்டரே! கமுக்கமா இருந்து சாதிச்சுட்டீரே! கையக் கொடும்வே!" என்றார் வக்கீல். "எங்கன நீந்தினீரு? பாலத்துக்கு மேக்கயா, கெழக்கயா?"

"அது..."

"மேக்கயா! மேக்க சுழி உண்டுல்லா வே!"

"ஐயாவுக்கு இந்த வயசுல என்ன தைரியம் பாருங்க," என்றது ஒரு குரல். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, வாய்க்கால்ல எறங்கவே பயப்படுது," என்றது இன்னொன்று. வாலிபர் சங்கத்தார் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். மறுக்க நான் வாய் திறந்தேன். திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கை வந்து என் கையைப் பற்றியது. நான் நீந்தியதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொய் சொல்வது வேறு, பேச இடம் கிடைக்காமற்போவது வேறு. தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் விசேஷம். எனக்குக் கைகால் இதமாக வலித்தது. மனம் நிறைந்திருந்தது. ஆசை? அதைத் தேடிப் பார்த்தேன்... காணோம்! பசித்தவனை ஊரே சூழ்ந்துகொண்டு, 'விருந்து எப்படி இருந்தது?' என்று விசாரித்தால், அவனுக்கும் வயிறு நிறைந்தாற்போலத்தான் இருக்கும். ஆனால் அதற்கப்புறம் அவனுக்கு இலை போட யார் வருவார்கள்?

இரண்டொரு வாரத்தில் பசி திரும்பி வந்தது. இலைதான் இல்லை.

படித்துறையில் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். கலெக்டர் ஆபீஸ் வாலிபர்கள் தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். "சார், அந்த மண்டபம் வரைக்கும் ஒரு போட்டி போட்டுப் பாப்பமா?"

"இன்று ஜலதோஷம்," என்றேன்.

மறுநாளும் ஜலதோஷம். அதற்கு மறுநாளும். மாதக்கணக்கில் ஜலதோஷம் பிடிக்கிறவனை ஊர் விடுமா? மிளகு கஷாயம் பற்றிப் பலரும் யோசனை சொன்னார்கள். நான் ஆற்றுக்குப் போவதை விட்டேன். வீட்டுக் கிணற்றடியில் குளித்தேன். தலையில் விழும் கிணற்றுத் தண்ணீர் அந்த இடத்திலேயே தீர்ந்துபோகிறது. எங்கிருந்தும் வருவதில்லை, எங்கும் போவதில்லை. வகுப்பில் பையன்கள் ஈரத் தலையோடு வந்து உட்காருவார்கள். ஆற்றின் வாசனை அறை முழுவதும் பரவும். நான் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். ஏதோ ஆழ்ந்து யோசிக்கிறார் என்று அவர்கள் மௌனமாக இருப்பார்கள்.

நீந்த வேண்டும் என்று செய்த பொருத்தனை, கழுத்தளவு தண்ணீரையும் என்னிடமிருந்து பறித்துவிட்டது. இப்படி மூன்று வருஷம்.

அதன் பிறகு, சேரமாதேவிக்குப் பக்கத்தில் என் மனைவியின் ஊரில் அவளுடைய அண்ணன் மகளுக்கு விவாகம் வந்தது. குடும்பத்தோடு போனோம். விவாகத்துக்கு மறுநாள் விடியும்போது அவள் மாற்றுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆத்துக்குப் போறேன். வாரீங்களா?"

"எனக்கு ஜலதோஷம்," என்றேன். பழக்கம்.

"இங்கன உங்கள யாரும் போட்டிக்குக் கூப்பிட மாட்டாங்க. வாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"நீந்துனவங்க காதுக்குள்ள மணல் இருக்கும். உங்க காதுல என்னிக்கும் சாக்குக்கட்டிப் பொடிதான இருக்கு!"

"பின் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?"

"கேட்டா நீங்க பதில் சொல்லணும்லா? பாவமேன்னு விட்டுட்டேன்."

ஆற்றில் தண்ணீர் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மேற்கே மலை நீலமாக இருந்தது. அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள், கை நீட்டினாள், சத்தமில்லாமல் நடு ஆற்றுக்குப் போய்விட்டாள்! கொண்டை மாத்திரம் தெரிந்தது. இருபத்தைந்து வருஷமாக எனக்குச் சோறு போட்டவள், அந்தத் தண்ணீருக்குள் யாரோ ஒருத்தியாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீந்தத் தெரியும் என்று நீ சொன்னதே இல்லையே?" என்றேன், திரும்பி வந்தபோது.

"கல்யாணமான புதுசுல சொன்னேன். வாத்தியார் வீட்டம்மா ஆத்துல நீந்துனா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னீங்க."

சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கக்கூடும்.

"சரி, படுங்க," என்றாள்.

"எதன் மேல்?"

"தண்ணி மேலதான். நான் பிடிச்சுக்கிடுதேன்."

இடுப்பளவு தண்ணீரில் நான் பின்புறமாகச் சாய்ந்தேன். அவள் உள்ளங்கை என் பிடரியைத் தாங்கியது. கால் எழும்பியது, மறுபடி கீழே போயிற்று. மறுபடி எழும்பியது, மறுபடி போயிற்று.

"தலைய வைங்க."

"வைத்துவிட்டேன்."

"எங்க வச்சீங்க? கமிட்டியில தலைவர் உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு. காது நனையணும். கழுத்த விடுங்க."

"விட்டேன்."

"விடல. கழுத்த விடாம யாரும் மெதந்ததில்ல. பைய... பைய..."

கழுத்தை விடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? தலைமையாசிரியனுக்குக் கழுத்து என்பது தலையைத் தாங்குவதற்காக மட்டும் இருப்பதல்ல. நான் கண்ணை மூடினேன். காதுக்குள் தண்ணீர் புகுந்தது. ஊர்ச் சத்தம் நின்றது. துணி துவைக்கும் ஓசை, காக்கை, மேளக்காரர்கள் புறப்படுகிற வண்டி — எல்லாம் நின்று, உள்ளே ஏதோ ஒரு முழக்கம் மாத்திரம் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

வானம். வேறொன்றும் இல்லை.

எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு பக்கத்தில் அவள் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் இரண்டு கைகளாலும் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும்! அப்படியானால் என் பிடரியின் கீழ் இருப்பது யாருடைய கை?

இந்த வினா எழுந்த மாத்திரத்தில் கழுத்து திரும்பி வந்தது. நான் முழுகினேன்.

கரையில் சம்பந்தி வீட்டார் சிலர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். "ஐயையோ! பாளையங்கோட்டை மாமா முங்கிட்டாவ!" என்று ஒரு கூச்சல். என் மனைவி என் புஜத்தைப் பற்றினாள். நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் சம்பவம். அந்தச் சம்பந்தி வீட்டாரில் ஒருவர் வக்கீல் அருளப்பனின் கட்சிக்காரர் என்பது என் துரதிர்ஷ்டம்.

குமாஸ்தா தம்பிக்கு இப்போது விடை சொல்லுகிறேன். நீர் மாமனார் வீட்டில் சொல்லிய அன்றே பரீட்சை தேறிவிட்டீர். அவர்கள் உம்மை மெச்சியாயிற்று. உம்முடைய ஆசை சாப்பிட்டாயிற்று. இனி அது எதற்காகப் புஸ்தகத்தைத் திறக்கும்? ஒருவரிடமும் சொல்லாதேயும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், உமக்கு அது தெரியாது என்பதை முன்னமே அறிந்தவர் யாரோ, அறிந்தும் வாய் திறவாதவர் யாரோ, அவரிடம் சொல்லும். அப்படிப்பட்டவர் உம்முடைய வீட்டிலேயே இருக்கக்கூடும். எனக்கு அதைக் கண்டுபிடிக்க இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

எனக்கோ, பாளையங்கோட்டையில் இனி நீந்தக் கற்க வழியில்லை. இங்கே நான் ஏற்கெனவே நீந்தியவன். சாயங்காலங்களில் குடையை ஊன்றிக்கொண்டு பாலத்தின் மேல் நிற்கிறேன். கீழே யாராவது மல்லாந்து வந்தால், வண்டிகளுக்கு ஒதுங்கி மறுபக்கம் போய் அவர் வெளிப்படும்வரை பார்க்கிறேன். மைத்துனருக்கு இன்னும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் இப்போதுதான் முதல் வகுப்பில் அரிச்சுவடி படிக்கிறாள். அவள் விவாகத்துக்குப் போக வேண்டும்; நாங்கள் இருவரும் அதைப் பற்றி அடிக்கடி பேசிக்கொள்கிறோம்.

வாசகசாலையில் வக்கீல் சொன்னது இதுதான்: "ஏ தம்பி, இவருகிட்டயா யோசனை கேக்க? சேரமாதேவி ஆத்துக்குள்ள போனவர, அவுக வீட்டம்மால்லா இழுத்துக் கரை சேத்தாவ!"

இது தவறு. என் மனைவி என்னை ஆற்றிலிருந்து எடுக்கவில்லை, ஆற்றில் விட்டாள்.