மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தே இருந்தேன்

இந்த முறை கோயில் இல்லை. பழையசீவரம் மலைப்படி, திருப்புட்குழி பெருமாள் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கிளம்பிப் போகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாசியில் ஒரு சனிக்கிழமை, தாம்பரம் தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு மாநாடு. கட்சி மாநாடு மாதிரி கொடி, கோஷம் எதுவும் கிடையாது. பல தரப்பட்ட ஆட்கள் வந்து, ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் தங்கள் மனதில் இருக்கிற ஒரு யோசனையைச் சொல்வார்கள். நடுநடுவே பாட்டும் ஆட்டமும் உண்டு. அதில் பேசியவர்களில் ஒருத்தி என் மகன் வயிற்றுப் பேத்தி யமுனா. அங்கேயே ஹாஸ்டலில் தங்கி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மாணவர்களில் இரண்டு பேருக்குத்தான் மேடை. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு.

"எத்தப் பத்திம்மா பேசப் போற?" என்று போனில் கேட்டேன்.

"நம்ம உத்திரமேரூர் கல்வெட்டு பத்தி ஆயா. நீ கண்டிப்பா வரணும். வரேன்னு சொல்லு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் பானைக்குள் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதிமுறை எல்லாம் எங்கள் உத்திரமேரூர் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நானும் எங்கள் ஊராட்சிக்கு ஐந்து வருஷம் தலைவராக இருந்தவள். அஞ்சாவது படித்தவள் தலைவரானதைப் பேத்தி மேடையில் சொல்லப் போகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பால் சொசைட்டி, ரேஷன் கடை, ஒரு இடம் விடாமல் சொல்லிவைத்தேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர். காலை 6.05 டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. உத்திரமேரூரில் 6.45க்குச் செங்கல்பட்டு பஸ், கட்டணம் 25 ரூபாய். 7.55க்கு இறங்கி ரயில் நிலையத்துக்கு நடந்தேன். 8.20 மின்சார ரயில், தாம்பரத்துக்குப் பத்து ரூபாய். வானம் மூடிக்கொண்டு இருந்தது, ஆனால் மழை வரவில்லை. இறங்கியதும் ஏழு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றெண்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

"பட்டுப்பொடவ கட்டிக்கினு காலேஜுக்கு இன்னா பெரிம்மா, கல்யாணமா?"

"எம் பேத்தி மேடையில பேசறா. ஆளுக்குப் பன்னெண்டு நிமிசம்."

"எங்க வூட்டுக்காரிய அனுப்பறேன், பன்னெண்டு மணி நேரம் நிக்காம பேசுவா. அவளுக்கு யாரும் மேட போட மாட்டேன்றாங்க" என்றார். இறங்குகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். அன்றைக்கு நான் சிரித்தது அதுதான்.

அரங்கத்தில் குளிர் அதிகம். போகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். யமுனா ஓடி வந்து என்னை மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக உட்காரவைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பயமா என்றேன், தலையை மட்டும் ஆட்டினாள்.

முதலில் ஒரு டாக்டர், கிராமத்துப் பிரசவங்கள் பற்றிப் பேசினார். அடுத்து பைக் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு பெண், விரல் நகத்தில் கிரீஸோடு வந்து வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டுப் போனாள். திருநங்கை ஒருவர் பரதம் ஆடினார். என் பக்கத்தில் இருந்த பையன்கள் விசில் அடிக்கக் கிளம்பி, பாதியில் அடங்கிவிட்டார்கள். வாயாலேயே மேளம் வாசித்த ஒருவரும் உண்டு. மேடைக்குக் கீழே பேசுகிறவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம், பன்னிரண்டிலிருந்து இறங்கிக்கொண்டே வரும். நான் ஓரத்தில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. 11.50க்கு யமுனாவைக் கூப்பிட்டார்கள்.

கல்வெட்டில்தான் ஆரம்பித்தாள். யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று அதில் இருப்பதை விளக்கினாள். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது, அவருடைய சொந்தக்காரர்களும் நிற்கக்கூடாது. "அந்தச் சுவர் சொல்றபடி பார்த்தா, நானும் நிற்க முடியாது" என்றாள். வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பிறகு திரையில் ஒரு காகிதம் வந்தது. ஏரியைத் தூர்வார ஊராட்சி போட்ட தீர்மானத்தின் நகல். அடியில் பேர் இருக்கிற இடத்தில் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தாள். கையெழுத்தை மறைக்கவில்லை. என் கையெழுத்தை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததே இல்லை.

"மூணு அடின்னு இதுல எழுதியிருக்கு. தோண்டினது இருபது அடி. மண்ணு லாரியில போச்சு. மழை வந்து குழி நிறைஞ்சதும் ஏரிக்கும் குழிக்கும் வித்தியாசம் தெரியல. என்கூட நாலாவது படிச்ச செல்வி அதுல இறங்கினா. நாங்க ரெண்டு பேரும்தான் போனோம். அவ முதல்ல இறங்கினா, அவ்வளவுதான்" என்றாள். குரல் உடையவில்லை. எனக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். செல்வி, ஏரிக்கரை ஓரம் இருக்கும் இருளர் வீடுகளில் வசிக்கும் பொன்னியின் மகள். பொன்னி எங்கள் வயலில் நடவு நட்டவள். அந்தத் தீர்மானப் புத்தகத்தை எழுத்தர் வீட்டுக்கே கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று "போடு" என்றார், போட்டேன். படிக்கத் தெரியாமல் போடவில்லை. படிக்காமல் போட்டேன். செல்வி செத்த பிறகு விசாரிக்க வந்த அதிகாரிகளிடம், ஏரியில் அந்த இடம் ஆதியிலிருந்தே ஆழம்தான் என்று சொன்னதும் நான்தான். அதையும் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். இப்போது பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் போய் நாலு வருஷம்.

பேசி முடித்ததும் ஒரு கேள்விக்கு இடம் கொடுத்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் மைக்கை வாங்கி, "நீங்க ஏன் நிற்க முடியாதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். கடிகாரத்தில் நாற்பது நொடி இருந்தது. யமுனா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நொடி இருக்கும்போது அவள், "அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லைங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள். பலமாகக் கைதட்டினார்கள்.

மத்தியானச் சாப்பாடு இலவசம், நன்றாகவே இருந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு யமுனாவும் ஊருக்கு என்னோடு கிளம்பினாள். 4.10 ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ரயில் ஊரப்பாக்கம் தாண்டியது.

"எல்லார் எதிர்லயும் என் மானத்த வாங்கிட்ட" என்றேன்.

"உன் பேரத்தான் மறைச்சேனே ஆயா."

"மறைக்கறவ எதுக்கு என்ன வரச் சொன்ன?"

"நீ எயுந்து நிப்பேன்னு நெனச்சேன்" என்றாள். "உன்ன நிக்கவெக்கறதுக்குத்தான் ஒரு வருசமா இத்த எயுதிக்கினு கீறேன். நானா உன் பேரச் சொல்லிட்டா அது எனக்குப் பெரிய கைதட்டு. செல்விக்கு இன்னா?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செங்கல்பட்டில் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். வீட்டுக்கு வரும்போது 7.20.

இந்த மாதிரி மாநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு: பேசுகிறவரின் வீட்டாருக்கு அனுமதி இலவசம், ஆனால் ஆதார் காட்ட வேண்டும். உத்திரமேரூரிலிருந்து போய்வர, ஆட்டோ இரண்டு நடையும் சேர்த்து எனக்கு 430 ரூபாய். சாயங்காலம் செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ்ஸுக்குக் கூட்டம் அதிகம், முன்னாலேயே ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் கண்டிப்பாக வா என்று கூப்பிட்டால், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று நன்றாக விசாரித்துக்கொண்டு போங்கள். விசாரித்தாலும் போங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போனதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து பொன்னி வீடு முந்நூறு மீட்டர், நடந்தால் ஐந்து நிமிடம். அந்தப் பிள்ளையைப் புதைத்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. பொன்னி வாசலில் சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?" என்றாள்.

நின்றபடியே சொன்னேன். கையெழுத்து என்னுடையது என்றும், அதிகாரிகளிடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் சுள்ளியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுமே. ஊருக்கே தெரியும்."

"அப்ப ஏண்டி ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டுட்டு மறுநாளு யார் வயல்ல போய் நிக்கறது?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "இப்ப சொன்னத்த எயுதிக் குடுப்பியாம்மா? தாலுக்கா ஆபீசுல அவங்க வெச்சிகினு கீற காயிதத்துல, புள்ள தானா போயி வியுந்துச்சின்னு கீதாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். யமுனா எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு பக்கம் எழுத மத்தியானம் ஆகிவிட்டது. எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பொன்னிக்குப் படிக்க வராது, படிக்கச் சொன்னாள். அவள் மகள் பேர் வந்த இடத்தில், "ஏரியில் மூழ்கி இறந்த செல்வி" என்று வாசித்தேன்.

"நில்லு. ஏரின்னு போடாத. குயின்னு போடு" என்றாள்.

ஏரியை அடித்துவிட்டு, குழி என்று எழுதினேன்.